மணிமேகலையின் தாய் மாதவி நல்ல தாயா?

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பாடசாலை வழக்காடு மன்றத்தில் மாதவிக்கு எதிராக அவர் வழக்குத் தொடுக்க வேண்டும். மூன்று குற்றச்சாட்டுகளை எழுதி வைத்திருக்கிறார். மகளின் விருப்பத்தைக் கேட்காமலே மாதவி அவளைத் துறவுக்கு உட்படுத்தினாள். பருவப் பெண்ணைத் திருவிழா நாளில் பூப்பறிக்க வெளியே அனுப்பினாள். தான் பெற்றவளைக் கண்ணகியின் மகள் என்று சொல்லித் தள்ளி வைத்தாள். இவற்றைக் கொண்டு மாதவி நல்ல தாயல்லள் என்று நிறுவலாமா என்பதே அவருடைய கேள்வி.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதவி நல்ல தாய். உங்கள் மூன்று குற்றச்சாட்டுகளில் ஒன்று உண்மை. ஒன்று நிற்காது. மூன்றாவதாக நீங்கள் எழுதியிருப்பதோ, அவள் தாயாகச் செய்தவற்றுள் மிகப் பெரிய செயல்.

மணிமேகலையைத் துறவுக் காப்பியம் என்று மட்டும் படித்துப் பழகியவர்கள் அதன் கதைத்தலைவி எப்படிப்பட்டவள் என்பதை மறந்துவிடுகிறார்கள். தூக்கத்திலேயே தூக்கிச் செல்லப்பட்டு ஆளில்லாத தீவில் கண்விழிக்கிறாள். தன் முற்பிறப்பை அறிகிறாள். வானில் பறக்கவும் வேற்றுருக் கொள்ளவும் பசியை வெல்லவும் மந்திரம் பெறுகிறாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. காயசண்டிகை என்னும் விஞ்சைப் பெண்ணின் உருவில் நின்று நகரத்தின் பசி தீர்க்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். தானே சிறைப்பட்டு அரசமாதேவியின் கொடுமைகளைத் தாங்குகிறாள். கடல் கடந்து சாவகம் போகிறாள். ஆண் துறவியின் கோலத்தில் வஞ்சி மாநகருக்குள் நுழைந்து ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் பொருளைக் கேட்கிறாள். இத்தனையும் செய்த ஒரு பெண்ணைத் தமிழில் வேறு எங்கே காட்ட முடியும்? ஆகவே இந்த வழக்கில் மகளின் வாழ்க்கையே முதல் சாட்சி. இப்படிப்பட்ட ஒருத்தியை வளர்த்தவளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள்.

மாதவியை நிறுத்துப் பார்ப்பதற்கு முன் அவளுடைய பன்னிரண்டாம் வயதைப் பார்க்க வேண்டும். சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் கற்று, பன்னிரண்டாவது வயதில் சோழன் முன் அரங்கேறுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் கிடைக்கின்றன. பிறகு என்ன நடக்கிறது? நகரத்துச் செல்வ இளைஞர் உலாவும் தெருவில் அந்த மாலையைக் கூனி ஒருத்தியின் கையில் கொடுத்து விற்க நிறுத்துகிறார்கள். மாலையை வாங்குபவன் மாதவிக்கு மணமகன். கோவலன் வாங்கினான். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்டதாக இளங்கோ அடிகள் பாடவில்லை.

மணிமேகலை பிறந்தபோது பெயர் வைத்தவன் கோவலன். அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் அந்தப் பெயர்சூட்டு விழாவை அவனுக்கு நினைவூட்டுகிறான். தன் குலத்து முன்னோன் ஒருவன் கடலில் கலம் உடைந்து தவித்தபோது காப்பாற்றிய தெய்வத்தின் பெயரைத் தன் மகளுக்கு இட்டான். ஆயிரம் கணிகையர் கூடி வாழ்த்தினார்கள். அழகான விழாதான். ஆனால் அந்த ஆயிரம் பேரின் வாழ்த்துக்கு உள்ளே குழந்தையின் எதிர்காலமும் எழுதப்பட்டிருந்தது. அவர்கள் தங்கள் கூட்டத்தில் ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்றே வாழ்த்தினார்கள். பின்னர் கோவலன் பிரிந்தான், மதுரையில் கொலையுண்டான். தகப்பன் வீட்டில் அந்தக் குழந்தைக்கு அடுத்து நெருங்கியவர் அப்பப்பா மாசாத்துவான். அவரோ மகனின் முடிவைக் கேட்டுச் செல்வத்தைத் தானம் செய்து துறவியாகிவிட்டார். மணிமேகலை அவரைச் சந்திப்பது வஞ்சியில், கதையின் கடைசிப் பகுதியில். இடைப்பட்ட காலம் முழுவதும் மாதவி தனியாக நின்றாள். எதிரே நின்றவள் சொந்தத் தாய் சித்திராபதி. மணிமேகலைக்கு அம்மம்மா.

இந்த அம்மம்மாவைக் கெட்டவள் என்று தள்ளிவிடுவது எளிது. அப்படிச் செய்தால் வழக்கே விளங்காது. பதினெட்டாம் காதையில் அவள் பேசுவதைக் கேளுங்கள். நாம் பத்தினிப் பெண்டிர் அல்லர், பாணன் இறந்தால் உடன் இறக்காத யாழைப் போன்றவர்கள் என்கிறாள். மணிமேகலையைச் சோழ இளவரசன் உதயகுமாரனுடைய தேரில் ஏற்றாவிட்டால், குடிக்குற்றம் பட்டுச் சுடுமண் சுமந்து அரங்கைச் சுற்றி வந்து வடுவோடு வாழும் பெண்களைப் போல நானும் ஆகட்டும், கூத்தியர் வீட்டுக்குள் நுழையாதவள் ஆகட்டும் என்று வஞ்சினம் கூறுகிறாள். அந்தக் குலத்தில் வழக்கத்தை மீறியவளுக்குத் தண்டனை இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. அது ஊர் பார்க்கத் தரப்பட்ட தண்டனை. சித்திராபதி பேத்தியின் கேட்டை விரும்பியவள் அல்லள். தனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அரச குடும்பத்து ஆண்மகன் என்று நம்பியவள். மாதவி எதிர்த்து நின்றது இப்படிப்பட்ட நம்பிக்கையை.

இனி உங்கள் மூன்றாவது குற்றச்சாட்டு. அதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதால் அதை முதலில் எடுக்கிறேன்.

இந்திர விழா தொடங்கிவிட்டது. மாதவியும் மகளும் ஆட வரவில்லை. ஊரில் கதை எழுகிறது. சித்திராபதி, மாதவியின் தோழி வயந்தமாலையை அனுப்புகிறாள். ஆடற்கலை எல்லாம் கற்ற ஒருத்தி தவக்கோலம் பூண்டது நாணத்தக்க செயல் என்று ஊர் சொல்வதை அவள் வந்து எடுத்துரைக்கிறாள். 'சனம் என்ன கதைக்கும்' என்ற கேள்வியில் வளர்ந்த நமக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. காதையின் பெயரே ஊரலர் உரைத்த காதை. அப்போது மாதவி சொல்லும் விடையின் நடுவில் இந்த அடிகள் வருகின்றன:

'மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை
அருந்தவப் படுத்தல் அல்லது யாவதும்
திருந்தாச் செய்கைத் தீத்தொழில் படாஅள்.'

மதுரையை எரித்த பத்தினியின் மகள் இவள். தவத்தில் ஈடுபடுத்துவேனே தவிர இழிதொழிலில் ஒருபோதும் விடமாட்டேன் என்கிறாள். பெற்ற மகளைத் தள்ளி வைத்தாள் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். நான் இதை ஒரு சட்ட வாதமாகப் படிக்கிறேன். கணிகையின் மகள் கணிகை என்பது அந்த ஊரின் விதி. அந்தத் தொழில் தாய்வழியாக இறங்குவது. அப்படியானால் மகளை விடுவிக்க ஒரே வழி தாய்வழியை அறுப்பதுதான். மாதவி தன் பெயரைத் தானே அடித்துவிட்டு அந்த இடத்தில் கண்ணகியின் பெயரை எழுதினாள். எந்தப் பெண்ணின் கணவனைத் தான் கொண்டிருந்தாளோ அந்தப் பெண்ணையே தன் பிள்ளைக்குத் தாயாக்கினாள். இதற்குள் எவ்வளவு வலி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்காக வீட்டை விடலாம், நகையை விடலாம். தாய் என்ற உரிமையையே விட்டுக்கொடுத்தவள் இவள்.

அந்தச் சொல் வெறும் வாதமாகப் போய்விடவும் இல்லை. மகள் அதை உள்ளே வாங்கிக்கொண்டாள். இருபத்தாறாம் காதையில் வஞ்சிக்குப் போனதும் கண்ணகி கோட்டத்தில் தாயாகவே கண்ணகியை வணங்கி அழுகிறாள். கண்ணகி படிமமும் அவளுக்கு மறுமொழி சொல்கிறது. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குப் போய்வரும் நம் சனத்துக்குக் கண்ணகியை அம்மா என்று அழைப்பது இயல்பு. ஆனால் முதலில் அப்படி அழைக்க ஒரு பிள்ளையைப் பழக்கியவள் மாதவி. இதை எந்த மன்றத்திலும் குற்றமாக வைக்க முடியாது.

பூப்பறிக்க அனுப்பியதற்கு வருவோம். வயந்தமாலையோடு மாதவி கோவலன், கண்ணகி பட்ட துயரத்தைப் பேசிக்கொண்டிருக்கிறாள். பக்கத்திலிருந்து மாலை கட்டிக்கொண்டிருக்கும் மணிமேகலையின் காதில் அது விழுகிறது. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் அந்த இடத்தில் 'தந்தையும் தாயும்' பட்ட துயரம் என்றே பாடுகிறார்; பாடியவரும் கண்ணகியைத் தாய் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். கண்ணீர் உருண்டு கையிலிருக்கும் மாலையை நனைக்கிறது. மாதவி பேச்சை நிறுத்தி மகளின் முகத்தைப் பார்க்கிறாள். சிவந்த கையால் கண்ணீரைத் துடைக்கிறாள். தாமரை குளிர்ந்த நிலவைச் சேர்ந்தது போல இருந்ததாம் அது. பிறகு, கண்ணீர் பட்டு மாலை தூய்மை இழந்தது, வேறு புதுப்பூ நீயே போய்க் கொண்டு வா என்கிறாள்.

இதில் அலட்சியம் எங்கே இருக்கிறது? துக்கத்தில் அமிழும் பிள்ளையை எழுப்பி ஒரு வேலை கொடுத்து வெளிக்காற்றுக்கு அனுப்புவது நம் தாய்மார் இன்றைக்கும் செய்வதுதான். அழாதே என்று அவள் சொல்லவில்லை, கதை கேட்காதே என்றும் சொல்லவில்லை. ஆபத்தை அவள் எண்ணவில்லை என்பது மட்டும் உண்மை. அதை எண்ணியவள் சுதமதி. சண்பை நகரத்துக் கௌசிகன் மகளான அவளே ஒருகாலத்தில் தனியாகப் பூக்கொய்யப் போய் மாருதவேகன் என்னும் விஞ்சையனால், வானில் செல்லும் வித்தியாதரனால், தூக்கிச் செல்லப்பட்டவள். மணிமேகலை தனியே போகத் தக்கவள் அல்லள் என்று சொல்லி, எந்தச் சோலையில் யார் இருப்பார்கள் என்று கணக்குப் பார்த்து, உவவனத்துக்குத் தானே கூடப் போகிறாள். தன் வீட்டில் இப்படி ஒருத்தியை வைத்திருந்ததும் அவள் சொல்லுக்கு இடங்கொடுத்ததும் மாதவிதான். உதயகுமாரன் தேரோடு வந்ததற்கு மாதவியைக் குற்றஞ்சாட்டுவது, பெண்பிள்ளையைத் துரத்தினவனை விட்டுவிட்டு அவளை ஏன் வெளியே விட்டாய் என்று தாயைப் பிடிப்பது. அந்த வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. வழக்காடு மன்றத்திலாவது அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

முதல் குற்றச்சாட்டில்தான் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். மகளிடம் அவள் கேட்கவில்லை. சிலப்பதிகாரத்தின் நீர்ப்படைக் காதையில், கோவலன் இறந்த செய்தி கேட்டதும் மணிமேகலை கணிகையர் கோலம் காணாதொழிக என்று தன் தாய் சித்திராபதியிடம் சொல்லிவிட்டு மாதவி துறவு கொள்கிறாள். தீர்மானம் பிறந்தது தாயின் துக்கத்தில். அது மகளுடைய கேள்வியிலிருந்து பிறந்த துறவு அன்று.

அதன் விளைவை ஐந்தாம் காதையில் பார்க்கலாம். உவவனத்துப் பளிங்கு மண்டபமான பளிக்கறைக்குள் ஒளிந்திருந்த மணிமேகலை உதயகுமாரன் போனபின் வெளியே வந்து சுதமதியிடம் சொல்கிறாள். கற்பில்லாதவள், தவ உணர்வில்லாதவள், விலைமகள் என்றெல்லாம் என்னை இகழ்ந்தான். அப்படியிருந்தும் 'புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம்'. இதுதானா அன்னாய் காமத்தின் இயல்பு? இதுதான் என்றால் அது கெட்டொழியட்டும். காப்பியம் முழுவதிலும் என்னை மிகவும் உலுக்கும் பேச்சு இது. தவக்கோலத்தில் இருக்கும் ஒரு பெண், தன்னை இழிவுபடுத்தியவன் பின்னாலேயே மனம் போவதைக் கண்டு நடுங்குகிறாள். அதைச் சொல்ல அவளுக்குக் கிடைத்தவள் சுதமதி. அன்னாய் என்று அவள் அழைத்ததும் சுதமதியையே. வீட்டில் இருந்த தாயிடம் இதைச் சொல்ல முடியாது. தாய் அந்தக் கதவை ஏற்கெனவே சாத்திவிட்டாள். பிள்ளையின் மனம் எங்கே நிற்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்த நடுக்கத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

ஆனால் கேட்டிருந்தால் மகளுக்கு முன்னால் எத்தனை வழிகள் இருந்தன? உதயகுமாரனின் வாயிலிருந்து வந்த இகழ்ச்சியை மறுபடியும் பாருங்கள். மாதவி மகளை எந்த உடையில் வைத்திருந்தாலும் ஊரின் கண்ணுக்கு அவள் விலைமகள்தான். குலமகளாக மணம் முடித்து வைக்க அந்தச் சமூகத்தில் யாரும் பேச்சுக்கால் கொண்டு வரப்போவதில்லை. பிறப்புப் பார்க்காமல் ஒரு பெண்ணை உள்ளே ஏற்ற ஒரே வாசல் அறவண அடிகள் இருந்த பௌத்தப் பள்ளி. போர்க்காலத்தில் தாலிக்கொடியை விற்றும் காணியை ஈடு வைத்தும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை ஏஜென்சிக்காரரிடம் ஒப்படைத்த தாய்மார் நம் ஊரில் உண்டு. உனக்குப் போக விருப்பமா என்று கேட்டவர்கள் குறைவு. கேட்க நேரமும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அந்த மனக்குறை இன்றும் இருக்கிறது. அந்தக் குறை நியாயமானது. அதற்காக அந்தத் தாயைக் கெட்ட தாய் என்று சொல்ல எனக்கு நா எழாது. பிள்ளை உயிரோடு இருக்கும் இடத்தை முதலில் தேடினாள். மாதவியும் அதைத்தான் செய்தாள். கேட்காதது பிழை. அந்தப் பிழையை நான் மறைக்க மாட்டேன். அவள் தேர்ந்த வழி பிழையன்று.

நல்ல தாயா என்பதைக் காட்டும் வேறு இரண்டு இடங்கள் நூலில் இருக்கின்றன. வழக்காடு மன்றங்களில் அவற்றை யாரும் எடுப்பதில்லை.

ஒன்று மணிபல்லவத்தில் நிகழ்கிறது. நயினாதீவுதான் மணிபல்லவம் என்று நாம் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. புத்தர் அமர்ந்த பீடத்துக்காக நாக அரசர் இருவர் பொருத கதை மணிமேகலையிலும் வருகிறது, மகாவம்சம் நாகதீபத்தைப் பற்றிச் சொல்லும்போதும் வருகிறது. குறிகட்டுவானில் படகேறிப் போகும் எவருக்கும் அந்த நினைவு வராமல் இருக்காது. புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனை தொலைவில் அந்தத் தீவு இருக்கிறது என்கிறார் சாத்தனார். மணிமேகலா தெய்வம் அங்கே மணலில் அவளை விட்டுச் செல்கிறது. விடிகிறது. தெரியாத கரை, தெரியாத மரங்கள். எது நடந்தது என்றே அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பாள் என்று நினைத்துச் சுதமதியை அழைக்கிறாள். நனவா கனவா என்று அறியேன், மனம் நடுங்குகிறது, ஒரு சொல் சொல் என்கிறாள். அடுத்து வருகிறது: 'வல்லிருள் கழிந்தது மாதவி மயங்கும்.' இருள் போய்விட்டது, அம்மா கலங்குவாள்.

தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பெண் தாய் கலங்குவாளே என்று கவலைப்படுகிறாள். பயத்தின் நடுவில் பிள்ளைக்கு இந்த எண்ணம் வருகிறது என்றால் அந்த வீட்டில் அன்பு குறைவில்லாமல் இருந்திருக்கிறது. விரட்டப்பட்ட பிள்ளை இப்படி நினைக்காது. மறுபக்கம் புகாரிலும் அப்படியே. சுதமதி தனியே திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது, மணியை இழந்த நாகம் போல மாதவி துயருற்றாள், உயிர் போன உடல் போலச் சுதமதி இருந்தாள் என்று ஏழாம் காதை முடிகிறது.

இரண்டாவது இடம் சிறை. உதயகுமாரனைக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வாளால் வெட்டிய பிறகு, மகனை இழந்த அரசமாதேவி மணிமேகலையைத் தன் பிடியில் வைத்திருக்கிறாள். சித்திராபதி அங்கே போய்ப் பேத்தியைத் தன்னிடம் அனுப்பும்படி இரக்கிறாள். அவள் கேட்டது பழைய வீட்டுக்கு, பழைய தொழிலுக்கு. மாதவி செய்தது வேறு. மகள் பட்ட துயரைக் கேட்டு அறவண அடிகளின் காலில் விழுந்து, அவரையும் சுதமதியையும் கூட்டிக்கொண்டு அரசமாதேவியிடம் போகிறாள். ஒரு காலத்தில் அரசன் முன் ஆடிப் பட்டம் பெற்ற அதே நகரத்து அரண்மனை. இப்போது கொலைப்பழியின் நிழல் விழுந்த பெண்ணின் தாயாகத் தவக்கோலத்தில் நுழைகிறாள். இரண்டு தாய்மாரும் ஒரே பிள்ளைக்காக ஒரே வாசலில் நின்றார்கள். ஒருத்தி திருப்பிக் கொண்டுபோக வந்தாள். மற்றவள் விடுவிக்க வந்தாள். விடுதலை கிடைத்ததும் மணிமேகலை அவர்களை வணங்கிவிட்டுப் பறந்து போகிறாள், சாவக நாட்டுக்கு. மாதவி தடுக்கவில்லை. இவ்வளவும் பட்டபிறகு ஒருநாளாவது என்னோடு இரு என்றுகூட அவள் கேட்டதாக இல்லை. தீர்மானத்தைக் கேட்காமல் எடுத்த அதே தாய், பிள்ளை வளர்ந்தபின் அவளுடைய தீர்மானத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. தொடக்கத்தில் செய்த பிழைக்கு இதைவிடப் பெரிய ஈடு எனக்குத் தெரியவில்லை.

புகாரைக் கடல் கொள்கிறது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளோடு ஊரைவிட்டுப் போகிறார்கள். காஞ்சியில், பஞ்சத்தில் வாடிய ஊருக்கு மணிமேகலை சோறிட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்கு மூவரும் வந்து சேர்கிறார்கள். அவள் வணங்கி, இருக்கையில் அமர்த்தி, கால்கழுவ நீர் தந்து, அமுதசுரபியிலிருந்து உணவளிக்கிறாள்.

நீங்கள் எதிர்த்தரப்பு என்பதால் ஒரு யோசனை. மலர்வனக் குற்றச்சாட்டை எடுத்துவிடுங்கள். நடுவர் மூன்றாம் காதையைப் படித்தவர் என்றால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். 'பத்தினி மகள்' என்ற அடியையும் தொட வேண்டாம். ஐந்தாம் காதையை எடுங்கள். பளிக்கறைக்கு வெளியே நின்று அந்தப் பெண் சுதமதியிடம் சொன்னதை முழுதாக வாசித்துக் காட்டி, இதை ஏன் தாயிடம் சொல்ல முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள். மாதவிக்காக வாதாடுபவர் மணிபல்லவத்து விடியலைக் காட்டி எழுந்தால், அதற்கும் உங்களிடம் ஒரு விடை தயாராக இருக்க வேண்டும்.